மாத்திரைக்கு அடங்காத சிவப்பு: கொப்பியில் குறித்து வைப்பது எப்படி?

கல்லடியில் எங்கட மாமிக்கு ஏ.எம்.எல், இரத்தப் புற்றுநோய். இடது கெண்டைக்கால் சிவந்து தடிச்சதும் செலுலைட்டிஸ் (தோலுக்குள் கிருமி தொற்றுறது) என்று குளொக்சசிலின் என்ற அன்டிபயோட்டிக் தொடங்கினாங்க. யாரும் அப்படித்தான் நினைப்பாங்க. கடைசியில் அது கிருமி இல்லை, புற்றுக் கலங்கள் தோலுக்குள் இறங்கினது. லூக்கீமியா கியூட்டிஸ் என்பாங்க.

1. தடிப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு கீறி, திகதி, நேரம் எழுதுங்க. சீடி மார்க்கர்தான் சரி. போல்பொயின்ட் ஒரு குளிப்போட போயிரும்.

2. படம். நான் சறுக்கினது இங்கதான். நாலு நாளும் இரவில் மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் எடுத்தேன். எல்லாம் ஒரே செக்கச்செவேல். அஞ்சாம் நாள் காலையில் முற்றத்தில் கதிரை போட்டு எடுத்தால் கத்தரிக்காய் ஊதா! தினமும் அதே இடம், அதே நேரம், பக்கத்தில் அளவுக்கு ஒரு 5 ரூபாய்க் குத்தி. ஃபில்டர் வேணாம். மஞ்சளும் வேணாம். "பூசினா வத்திரும் மனே" என்று பெரியம்மா அப்பிவிட்ட அன்று படத்தில் மஞ்சள் மட்டும்தான் தெரிஞ்சது.

3. தொட்டுப் பார்த்து எழுதுங்க. செலுலைட்டிஸ் பெரும்பாலும் சுடும், நோகும், மருந்துக்கு 2–3 நாளில் அடங்கத் தொடங்கும். மாமியினது றப்பர் மாதிரி இறுக்கம், நோவே இல்லை, கோட்டுக்கு வெளியே புதுசா ரெண்டு கட்டி. பல் முரசும் வீங்கியிருந்தது. பல் வருத்தம் என்று அதை நான் எழுதவே இல்லை. ஏ.எம்.எல்லின் சில வகைகளில் தோலும் முரசும் சேர்ந்தே வீங்குமாம்.

4. கொப்பியைக் காட்டி "பயோப்சி தேவையா டொக்டர்?" என்று கேளுங்க. கண்ணால் பார்த்து முடிவு சொல்ல ஏலாது. பயோப்சி என்றால் தோலில் சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்கிறது. விறைக்க ஊசி போட்டு, 4 மில்லிமீற்றர் அளவில் வட்டமா எடுப்பாங்க. ஒரு துண்டு பழுதாகாமல் வைக்கிற ஃபோமலின் திரவத்தில் போகும். கிருமி வளர்த்துப் பார்க்கிற துண்டில் ஃபோமலின் படக்கூடாது.

பின்சேர்க்கை: "காய்ச்சல் என்றாலும் மூணு நாள் பார்க்கவா?" என்று அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். ஐயோ, இல்லை! கீமோ எடுக்கிறவருக்கு 38 பாகை செல்சியஸ் காட்டினா, சாமம் 2 மணி என்றாலும் உடனே ஆஸ்பத்திரி. அன்டிபயோட்டிக்கையும் நீங்களா நிறுத்தாதீங்க. வெள்ளணு குறைஞ்சவருக்குச் சீழ் வைக்காமலே கிருமி பரவும். காய்ச்சல் பார்க்க, நெற்றியில் பிடிக்கிற துவக்கை நான் நம்புறதில்லை. வாயில் வைக்கிற டிஜிட்டல் தெர்மோமீட்டர் ஒன்று வாங்கி வைங்க.