ரோமில் ஒரே ஒரு நாள்: முதல் தடவை போகிறவர்களுக்கு

போன வாரம் செம்பூரிலிருந்து சித்தி பையன் போன் செய்தான். "அக்கா, ரோமில் ஒரு நாள்தான் இருப்பேன், லிஸ்ட் அனுப்பியிருக்கேன் பாருங்க." பார்த்தேன், பன்னிரண்டு இடம். "டேய், இதில் எட்டை அடிச்சுடு" என்றேன். அவனுக்குச் சொன்னதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். விசா கைக்கு வந்துவிட்டது, டெர்மினி ரயில் நிலையம் பக்கம் அறை போட்டாகிவிட்டது, போவது வெயில் காலத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: மும்பையிலேயே டிக்கெட்

கொலோசியம் டிக்கெட்டை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். அதிகாரப்பூர்வ இணையதளத்தில் முன்கூட்டியே, காலையின் முதல் நேரமாகப் பார்த்து எடுங்கள். டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். நம்ம ஆட்களுக்குச் சிக்கலே இங்கேதான்: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், நாம் பழக்கதோஷத்தில் இனிஷியலை மட்டும் தட்டிவிடுவோம். நானும் அதைத்தான் செய்தேன். வாசலில் இருந்தவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்த அந்த இரண்டு நிமிடத்தில் எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

படி 2: தூக்கம் கலைவதும் நல்லதுக்கே

கோடையில் ரோம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். மாட்டுங்காவில் காலை ஏழரைக்கு எழுந்து பழகிய உடம்பு அங்கே நாலு மணிக்கே எழுந்து உட்காரும். புரண்டு படுக்காமல் குளித்துவிட்டுக் கிளம்பி, ஆறு மணிக்கு ட்ரெவி நீரூற்றில் இருங்கள். 1762-இல் கட்டி முடித்தது. விடிகாலையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்கும்; பத்து மணிக்கு மேல் போனால் சாயங்கால தாதர் பாலத்துக் கூட்டம்தான். காசு போட ஆசையாக இருந்தால் போடுங்கள், அதைத் திரட்டி ஏழைகளுக்குத்தான் செலவழிக்கிறார்கள்.

அப்புறம் காபி. கவுண்டரில் நின்றபடி குடியுங்கள், நாற்காலியில் உட்கார்ந்தால் பல கடைகளில் விலை ஏறிவிடும். டபரா நிறைய வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், இரண்டு வாய்தான்.

படி 3: கொலோசியமும் மிளகும்

ட்ரெவியிலிருந்து நடந்தே போகலாம், இருபது நிமிடம். ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் தொடங்கி, மகன் டைட்டஸ் கி.பி. 80-இல் திறந்துவைத்த அரங்கு. பிரமாண்டம்தான், ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அங்கே வேலை இல்லை. அதே டிக்கெட்டில் பக்கத்திலிருக்கும் ஃபோரத்துக்கும், அதாவது பழைய ரோமின் நகர மையம் இருந்த இடிபாடுகளுக்கும், போகலாம். அசதியில் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு ரோமில் மிகவும் பிடித்த இடமே அதுதான்.

உள்ளே மாக்சென்டியஸ் பசிலிக்கா என்ற பழைய பொது மண்டபத்தின் மூன்று பெரிய வளைவுகள் நிற்கும். அது எழும்புவதற்கு முன்னால் அதே இடத்தில் மிளகுக் கிடங்கு இருந்தது, பேரரசர் டொமிஷியன் காலத்தில் கட்டியது. கேரளக் கரையில் இருந்த பழைய துறைமுகமான முசிறியில் கப்பல் ஏறி, செங்கடல் வழியாக எகிப்து போய், நைல் நதியில் படகில் மிதந்து, மறுபடி கப்பல் பிடித்து வந்த நம்ம ஊர் மிளகு! நாம் இன்று ரசத்தில் போடுகிற அதே சரக்குதான். பதிலுக்கு வந்த ரோமானியக் காசுகள் கோயம்புத்தூர்ப் பக்கம் இன்றைக்கும் மண்ணிலிருந்து கிடைக்கின்றன. ஒரு கல் பார்த்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதை நினைத்துப் பாருங்கள்.

படி 4: மத்தியானம்

அறைக்குப் போய்த் தூங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. வழியெல்லாம் தெருக்குழாய்களில் குடிதண்ணீர் இலவசமாகக் கொட்டிக்கொண்டிருக்கும், பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், அப்படியே வாய் வைக்காமல் குடிக்கலாம். மெட்ரோவில் ஏறினால் பை முன்பக்கம், விரார் லோக்கலில் மாட்டிக்கொள்கிற மாதிரியே.

படி 5: பாந்தியன்

நாலரைக்குப் போங்கள். தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும், 609-இலிருந்து அது தேவாலயம். 2023 ஜூலையிலிருந்து கட்டணமும் உண்டு. பேரரசர் ஹாட்ரியன் காலத்துக் கட்டடம். கூரைக் குவிமாடத்தின் அகலமும் தரையிலிருந்து அதன் உயரமும் ஒன்றே, 43.3 மீட்டர். உள்ளே கம்பியே இல்லாத கான்கிரீட், மேலே போகப் போக எடை குறைந்த கல்லாகக் கலந்திருக்கிறார்கள். உச்சியில் திறந்த வட்டம், கண்ணாடி கிடையாது. மழை பெய்தால் உள்ளேதான் விழும், தரையில் வடிகால் துளைகள் வைத்திருக்கிறார்கள், தேடிப் பாருங்கள்.

படி 6: சாப்பாடு

காச்சோ எ பெப்பே என்று கேளுங்கள். பாஸ்தா, பெக்கொரினோ சீஸ், இடித்த மிளகு, அவ்வளவுதான். கார்பொனாரா பாஸ்தாவில் பன்றி இறைச்சி இருக்கும். சுத்த சைவம் என்றால் பெக்கொரினோவும் ஆகாது, ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்ததை விட்டுத்தான் பாலைத் திரிக்கிறார்கள். அவர்களுக்கு மரினாரா பிட்ஸா: தக்காளி, பூண்டு, எண்ணெய், சீஸே கிடையாது.

"வாடிகன் அக்கா?" என்றான் தம்பி. அதற்குத் தனியாக ஒரு நாள் இல்லையென்றால் வேண்டாம். அப்புறம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஏழரைக்கு முன்னால் ஓட்டலுக்குப் போகாதீர்கள், பாதிக் கடை திறந்தே இருக்காது.