நாவல் மட்டுமே படிப்பவர் குறுந்தொகைக்குள் இறங்குவது எப்படி?

கவிதை என்றாலே பக்கத்தைப் புரட்டிவிடும் நாவல் வாசகர்களுக்கு இது. சங்கப் பாட்டு என்றதும் மனப்பாடச் செய்யுள் ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்குபவர்களுக்கும்தான்.

தொடங்க வேண்டிய இடம் குறுந்தொகை. காரணம் அளவு. பெரும்பாலும் 4 முதல் 8 அடிதான். அகநானூறு 13 முதல் 31 அடி வரை ஓடும். முதல் முயற்சியிலேயே அதை எடுத்தால் நடுவழியில் எழுவாய் தொலைந்துபோகும்.

தேவையானவை: உ.வே.சா. 1937இல் வெளியிட்ட உரைப்பதிப்பு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், ஒரு பென்சில். புதுக்கவிதையாக மாற்றி எழுதிய 'எளிய' பதிப்புகள் இப்போது வேண்டாம். அதில் படிப்பது உரைகாரரின் கவிதையைத்தான்.

படி 1: கூற்றுக் குறிப்பு. பாட்டை ஒட்டி, யார் யாரிடம் சொன்னது என்று ஒரு வரி இருக்கும். நாவலில் வசனத்துக்கு முன் காட்சி தெரிய வேண்டும் அல்லவா, அதே கணக்கு. 167ஆம் பாட்டுக்கு, கடிநகர்ச் சென்று வந்த செவிலி (வளர்ப்புத் தாய்) நற்றாயிடம் (பெற்ற தாயிடம்) சொன்னது என்று குறிப்பு. கடிநகர் என்றால் காவல் உள்ள ஊர் அல்ல. புதுமணத் தம்பதி குடியிருக்கும் வீடு.

படி 2: சொல் பிரித்தல். முக்கால்வாசிப் பேர் கைவிடுவது இங்கேதான். 25ஆம் பாட்டு அச்சில் இப்படி இருக்கும்:

யாரு மில்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ

அச்சில் இடைவெளி விட்டிருப்பது சீருக்கு, சொல்லுக்கு அல்ல. 'மில்லை'யை அகராதியில் தேடினால் கிடைக்காது. பென்சிலால் கோடு போட்டுப் பிரியுங்கள்: யாரும் | இல்லை | தானே | கள்வன் | தான் | அது | பொய்ப்பின் | யான் | எவன் | செய்கோ. வாய்விட்டுப் படித்தால் பாதி தானாகப் பிரியும்.

படி 3: கடைசி அடியிலிருந்து மேலே. வினைமுற்று பல பாட்டுகளில் கடைசியில்தான் கிடக்கும். 167 முடிவது 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே'. புதுமணப் பெண்ணின் முகம் மெல்ல மலர்ந்தது, அவ்வளவுதான் சேதி. ஏன் மலர்ந்தது என்று ஒவ்வோர் அடியாக மேலே போனால், கணவன் 'இனிது' என்று சாப்பிட்டான், அவள் துழாவிச் சமைத்த புளிக்குழம்பு, கண்ணை நிறைத்த தாளிப்புப் புகை, கை துடைத்த சேலையைத் துவைக்காமலே உடுத்தியது, தயிர் பிசைந்த விரல் எல்லாம் வரிசையாக வரும். திணறினால் உ.வே.சா. உரையில் 'முடிபு' என்ற பகுதியைப் பாருங்கள். வாக்கியத்தின் எலும்புக்கூடு அங்கே இருக்கும்.

படி 4: தெரிந்த சொல் போலத் தெரியும் பொறிகள். 'எவன்' இங்கே ஆளைக் குறிக்காது. 'என்ன' என்று பொருள். 'மகிழ்ந்தன்று' என்பதில் 'அன்று' மறுப்பு அல்ல, மகிழ்ந்தது என்றே பொருள். இதைக் கோட்டைவிட்டால் 3ஆம் பாட்டின் 'வானினும் உயர்ந்தன்று' நேரெதிராகிவிடும். 'கழாஅது' போன்றவற்றில் நடுவில் நிற்கும் அ வெறும் இழுவை; தள்ளிவிட்டுப் பொருள் பாருங்கள். 'உடீஇ'யின் கடைசி இ அப்படி அல்ல, 'உடுத்து' என்ற எச்சப் பொருளைத் தருவதே அதுதான்; அதைத் தள்ளாதீர்கள்.

படி 5: பறவை, பூ, மீன். இவற்றை அலங்காரம் என்று தாண்டாதீர்கள். 25இல் பேசுபவள் தலைவி. தலைவன் அவளைச் சேர்ந்தபோது பக்கத்தில் இருந்தது தினைத்தாள் போன்ற காலுடைய ஒரு குருகு மட்டும். அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீன் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. நாளைக்கு அவன் மறுத்தால் சாட்சி சொல்ல ஆள் இல்லை. அந்தக் குருகை எடுத்துவிட்டால் பாட்டே இல்லை.

நாளுக்கு ஒரு பாட்டு, இருபது நிமிடம் போதும். முதல் வாரத்துக்கு 25, 167, 3, 40, 28.

பின்சேர்க்கை 1: திணை (நிலமும் அதற்குரிய காதல் நிலையும்), துறை (பாட்டின் சூழல்) எல்லாம் படித்து முடித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா என்று பலர் கேட்டார்கள். வேண்டாம். ஐந்து நிலத்தின் பெயர் தெரிந்தால் போதும். மிச்சம் பாட்டே சொல்லிக்கொடுக்கும்.

பின்சேர்க்கை 2: 28இல் 'ஆஅ ஒல்லெனக் கூவுவேன்கொல்' என்று வருகிறதே, அந்த 'அ'வையும் தள்ளலாமா? தள்ளாதீர்கள். ஊரே தூங்கும்போது ஔவையாரின் தலைவி போட நினைக்கும் கூச்சல் அது.