கடலில் உதவி கேட்கும்போது எந்த ஆங்கிலச் சொல்லைச் சொல்வது?

பாம்பன், மண்டபம், தொண்டி கரைகளிலிருந்து கடலுக்குச் செல்வோர் வி.எச்.எஃப். என்ற வானொலித் தொடர்புக் கருவியின் 16-ஆம் சேனலில் உதவி கேட்கும்போதோ, இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை அழைக்கும்போதோ, எதிர்முனையில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாமல் போகலாம். நாம் சொல்லும் ஓரிரு ஆங்கிலச் சொற்களை வைத்தே அவர் நிலைமையை எடைபோடுவதால், ஒன்றுபோல் தோன்றும் சொற்களின் வேறுபாட்டைக் கரையில் இருக்கும்போதே பழகிக்கொள்ள வேண்டும்.

முதலில் அழைப்புச் சொல். தீப்பற்றுதல், நீர் ஏறிப் படகு மூழ்குதல், ஆள் கடலில் விழுந்து காணாமல் போதல் என உயிராபத்து நெருங்கிவிட்ட நிலையில் மட்டும் ‘மேடே’ என்று மூன்று முறை சொல்ல வேண்டும். உதவி அவசரம், ஆனால் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால் ‘பான் பான்’ என்பதை மூன்று முறை சொல்ல வேண்டும். கப்பல் போக்குவரத்துக்கான எச்சரிக்கைக்கு உரிய சொல் ‘செக்யூரிட்டே’.

அடுத்து படகின் நிலை. பாக் நீரிணையில் இன்ஜின் நின்றுபோன விசைப்படகை எடுத்துக்கொள்வோம். ‘இன்ஜின் ஃபெயிலியர்’ என்று மட்டும் சொன்னால் கோளாறுதான் புரியும். படகு எங்கே போகிறது என்பது புரியாது. நங்கூரம் பிடித்து நின்றால் ‘ஆங்கர்ட்’ என்றும், நீரோட்டம் இழுத்துச் சென்றால் ‘டிரிஃப்டிங்’ என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இழுபடும் படகு சற்று நேரத்தில் வேறிடத்தில் இருக்கும் என்பதால், ஜி.பி.எஸ். காட்டும் இடத்தோடு அதைப் பார்த்த நேரத்தையும், எத்திசையில் போகிறது என்பதையும் கூறுவது அவசியம். சர்வதேசக் கடல் எல்லைக்கு அருகில் இது மிக மிக அவசியம். மன்னார் வளைகுடாவின் தீவுகளை ஒட்டிய திட்டுகளில் தரைதட்டினால் ‘அக்ரவுண்ட்’, கவிழ்ந்துவிட்டால் ‘கேப்சைஸ்ட்’. கவிழ்ந்த படகு மிதந்துகொண்டும் இருக்கலாம் என்பதால், அதை மூழ்குவதைக் குறிக்கும் ‘சிங்க்கிங்’ என்ற சொல்லோடு குழப்பக் கூடாது.

‘சிங்க்கிங்’ படகுக்கு உரியது, மனிதருக்கு ‘டிரவுனிங்’. நீரில் மூழ்கி மூச்சுத் தடைபடுவதையே உலக சுகாதார நிறுவனம் ‘டிரவுனிங்’ என்று வரையறுத்திருப்பதால், அச்சொல் உயிர் பிழைத்தவருக்கும் பொருந்தும். ஆகவே தூக்கியெடுக்கப்பட்டவரைப் பற்றிச் சொல்லும்போது ‘ப்ரீத்திங்’ அல்லது ‘நாட் ப்ரீத்திங்’ என்று மூச்சின் நிலையைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

மிதவைகளில், உடலில் அணிவது ‘லைஃப் ஜாக்கெட்’; தண்ணீரில் தத்தளிப்பவருக்கு எறியும் வளையம் ‘லைஃப் பாய்’. ‘பாயன்சி எய்ட்’ என்று விற்கப்படுவதும் அணியும் மிதவைதான் என்றாலும், நினைவிழந்தவரின் முகத்தை நீருக்கு மேல் திருப்பி நிறுத்தும்படி அது வடிவமைக்கப்பட்டதில்லை. நீந்தத் தெரிந்தவருக்கே அது துணை. ஆழ்கடலுக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு அதை வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

ஆட்களைக் காப்பாற்றுவது ‘ரெஸ்க்யூ’, படகையோ சரக்கையோ மீட்பது ‘சால்வேஜ்’.

பேசி முடித்துப் பதிலுக்குக் காத்திருக்கும்போது ‘ஓவர்’ என்று சொல்ல வேண்டும். ‘அவுட்’ என்றால் உரையாடல் முடிந்தது என்று பொருள். உதவி உறுதியாகும்வரை அதைச் சொல்லக் கூடாது.