வயிற்றுவலி வரவழைத்த முன்னேற்ற அறிக்கை

சென்ற வாரம் எங்கள் செஸ் பயிற்சி மையத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பயிற்சியாளர்கள், தாங்கள் தயாரித்த காலாண்டு அறிக்கைகளை ஒருமுறை பார்த்துத் தரச் சொன்னார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் எழுதியவையேதான். பிள்ளைகளின் பெயர்கள் மட்டும் வேறு. எழுத்துப் பிழை, மாறிப்போன புகைப்படம் இதையெல்லாம் யாரும் திருத்திவிடலாம். அவற்றை விட்டுவிட்டு, அறிக்கையில் நான் செய்த பெரிய தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ரேட்டிங் ஏறினால் முன்னேற்றம் என்பது

இருவருக்கும் முதல் வரி ஒன்றுதான்: பழைய ரேட்டிங் (போட்டி முடிவுகளை வைத்து ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்), புதிய ரேட்டிங், வித்தியாசம். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த வரியால் ஒரு தந்தையின் முன் நான் அசடு வழிந்து நின்றிருக்கிறேன்.

2024 மார்ச்சில் சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே ரேட்டிங் கணக்கை மாற்றியது. குறைந்தபட்ச ரேட்டிங் 1000இலிருந்து 1400க்கு உயர்ந்தது. 2000க்குக் கீழே இருந்தவர்களுக்கு, 2000ஐத் தொட எவ்வளவு குறைகிறதோ அதில் 40 சதவீதத்தை ஒரே தடவையாகக் கூட்டிக் கொடுத்தார்கள். 1100இல் இருந்த சிறுவன் தூங்கி எழுந்தபோது 1460. என் அட்டவணை புதிய எண்ணைத் தானாக எடுத்துக்கொண்டு ‘முன்னேற்றம்: 360’ என்று கொட்டை எழுத்தில் காட்டியது. நானும் கீழே ‘மிகச் சிறப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தந்தை கணக்குத் தணிக்கையாளர். “சார், இந்த மூன்று மாதத்தில் இவன் ஒரு போட்டிக்கும் போகவில்லையே, எப்படி ஏறியது?” என்று பொறுமையாகத்தான் கேட்டார். அதற்குப் பிறகு நான் மனமாரப் பாராட்டி எழுதியதைக்கூட அவர் சந்தேகத்தோடுதான் படித்தார்.

அது ஒரு தடவை நடந்தது. இன்னொரு சேதம் மாதாமாதம் நடக்கிறது. 18 வயது ஆகாத, 2300க்குக் கீழே உள்ள ஆட்டக்காரருக்குக் கே ஃபேக்டர், அதாவது ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண், 40. தனக்குச் சமமான ரேட்டிங் உள்ளவரிடம் ஒரு ஆட்டம் தோற்றால் 20 புள்ளி போய்விடும். சளிக்காய்ச்சலோடு ஒரு போட்டிக்குப் போய் ஐந்து ஆட்டம் தோற்றால் 100. அப்படிக் குறைந்த எண்ணை அறிக்கையில் சிவப்பு மையில் பார்த்த ஒரு சிறுமி, அடுத்த இரண்டு போட்டிகளுக்கு வயிற்றுவலி என்று வரவில்லை. வயிறு நன்றாகத்தான் இருந்தது. இருக்கிற ரேட்டிங்கைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஆடாமல் இருந்துவிடு என்று பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது என் அறிக்கை.

இப்போது ரேட்டிங் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. எத்தனை ஆட்டங்களில் ஏறியது, இறங்கியது என்பதும் கூடவே இருக்கும். முதல் பக்கம் ஸ்கோர் ஷீட்டுக்கு, அதாவது ஆட்டத்தின் நகர்வுகளைக் குறித்த தாளுக்கு. அந்தச் சிறுமியின் தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் காய்கள் அவளுடையவை. ஆளுக்கொரு யானை, அவளிடம் கூடுதலாக ஒரு சிப்பாய். சிப்பாய் 7ஆம் வரிசையில், அதற்கு முன்னே 8ஆம் வரிசையில் அவளுடைய ராஜா. லூசெனா நிலை என்போம். யானையை 4ஆம் வரிசைக்குக் கொண்டுவந்து, செக்கைத் தடுக்க அதைக் குறுக்கே நிறுத்தினால், அதாவது பாலம் கட்டினால், வெற்றி. ஜூனில் இது தெரியாமல் செக் மேல் செக் வாங்கி டிரா செய்தாள். செப்டம்பரில் பாலம் கட்டினாள். தேதியோடு இந்த இரண்டையும் எழுதினேன். செஸ் தெரியாத அவள் அம்மா, “அது என்ன சார் பாலம்?” என்று கேட்டார். பலகையை விரித்துக் காட்டியது சிறுமிதான்.

‘கவனம் தேவை’

எழுதாதீர்கள். எத்தனையாவது நகர்வில், கடிகாரத்தில் எவ்வளவு நேரம் மிச்சமிருந்தபோது கவனம் தவறியது என்று எழுதுங்கள்.

குகேஷோடு ஒப்பிடுவது

வேண்டாம். 18 வயதில் உலக சாம்பியன் ஆவது நம் பாடத்திட்டத்தில் இல்லை.

எல்லாவற்றையும் ஒரே இரவில் எழுதுவது

பதினைந்தாவது பிள்ளைக்கு வரும்போது கை தானாக எழுதும். ‘தொடக்க ஆட்டத்தில் நல்ல தேர்ச்சி தெரிகிறது’ என்ற என் வாக்கியம் ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் எழுத்து மாறாமல் போய்ச் சேர்ந்தது. இருவரும் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வகுப்புக்கு வந்தார்கள். தங்கை அதுவரை ஒரு தொடக்க ஆட்டம்கூட முழுதாகக் கற்றிருக்கவில்லை. இப்போது, வகுப்பு முடிந்து பிள்ளைகள் காய்களைப் பெட்டியில் அடுக்குகிற ஐந்து நிமிடத்தில், ஒரு நாற்பது பக்க நோட்டில் ஆளுக்கு ஒரு வரி எழுதிவிடுகிறேன்.