கிளினிக்கல் ட்ரயல்: நம்பகத்தைக் கெடுக்கும் சின்னச் சின்னத் தவறுகள்

இல்லாத நோயாளியை இருப்பதாக எழுதி மாட்டிக்கொண்டவர்கள்தான் செய்தியில் வருவார்கள். ஆய்வு மையத்தில் யாரோ நல்லெண்ணத்தோடு செய்த 'அட்ஜஸ்ட்மெண்ட்'டும் ஒரு ட்ரயலை, அதாவது ஆட்களிடம் சிகிச்சையைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வை, கவிழ்க்கும்.

ஸ்பெயினில் நடந்த பிரெடிமெட் ஆய்வையே எடுத்துக்கொள்வோம். 7,447 பேர், மத்தியதரைக்கடல் உணவு இதயத்தைக் காக்குமா என்பது கேள்வி. யாருக்கு எந்த உணவு என்பதை ஒவ்வொருவருக்கும் குலுக்கல் முறையில்தான் முடிவு செய்திருக்க வேண்டும். ஒரு மையத்தில், பக்கத்து வீட்டுக்கு ஆலிவ் எண்ணெய் இலவசமாக வருகிறது, எங்களுக்கு இல்லையா என்று மனக்குறை எழ, ஆய்வாளர் ஊருக்கே ஒரே உணவை ஒதுக்கிவிட்டார். ஒரே வீட்டில் இரண்டாவதாகச் சேர்ந்தவரை, குலுக்காமல், முதல் ஆளின் குழுவிலேயே போட்டதும் நடந்தது. 2013ல் வெளியான கட்டுரையில் இந்த விவரம் இல்லை. 2017ல் ஜான் கார்லைல் என்ற பிரிட்டிஷ் மயக்கவியல் மருத்துவர் 5,087 ட்ரயல்களில் குழுக்களின் தொடக்க நிலையை (வயது, எடை போன்றவை) காட்டும் அட்டவணைகளை அலசியபோது இதன் எண்கள் உறுத்தின. 2018ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டு, மறுகணக்கோடும் அடக்கமான சொற்களோடும் மீண்டும் வந்தது.

யார் எந்தக் குழு என்ற ஒதுக்கீடு, ஆளைச் சேர்ப்பவர் கையில் இருக்கவே கூடாது. ஒவ்வொருவரின் குழுவையும் உறைக்குள் வைக்கும் முறை என்றால், டார்ச் அடித்தாலும் உள்ளே தெரியாத உறை, வரிசை எண், ஒட்டிய வாய். முதலில் உறைமேல் பெயரின் முதலெழுத்து, தேதி, நேரம். பிறகே பிரிக்க வேண்டும். பிரித்துப் பார்த்துவிட்டு 'இவர் வேண்டாம், அடுத்தவரைப் போடுவோம்' என்பது இங்கேதான் நுழைகிறது. மருந்து எது என்று வெளியே தெரியும் ட்ரயலில் நான்கு நான்கு பேராக, குழுவுக்கு இருவர் வீதம், பிளாக் போடுவது இன்னொரு வழக்கமான சறுக்கல். அ, அ, ஆ என்று மூன்று வந்துவிட்டால் நான்காவது ஆ என்று நர்ஸுக்கே தெரிந்துவிடும். 4, 6, 8 என்று அளவைக் கலந்து, அந்த விவரத்தை மையத்துக்குப் போகும் புரோட்டோகாலில் (ஆய்வுத் திட்ட ஆவணத்தில்) எழுதாமல் விடுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் தேதி மட்டும் போதாது, நேரமும் எழுதுவது நல்லது. கையெழுத்து காலை 9.15, ட்ரயலுக்கான வெறும்வயிற்று ரத்தம் 7.30 என்றால், அந்த ரத்தம் அனுமதியின்றி எடுத்ததாகத்தான் கணக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது சாட்சியாக மையத்து ஊழியரையே நிற்கவைப்பதும் தவறு. ட்ரயலோடு சம்பந்தமில்லாத ஆள் வேண்டும்.

ரத்த அழுத்தத்தை 140, 130, 150 என்றே எழுதிக்கொண்டு போவதை மானிட்டர் (மையத்தின் பதிவுகளைச் சரிபார்க்க வருபவர்) ஒரு பார்வையில் பிடித்துவிடுவார். டிஜிட்டல் கருவியில் கடைசி இலக்கம் பூஜ்யமாக வருவது பத்தில் ஒரு தடவை அளவுக்குத்தான் இருக்க வேண்டும். எழுதியது தப்பானால் வைட்னர் வேண்டாம். பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியான எண், சுருக்கொப்பம், தேதி, காரணம். மறந்துபோனதை மாலையில் எழுதினால் மாலையில் எழுதியதாகவே எழுதுங்கள்; காலை நேரத்தைப் போட்டால்தான் அது பொய்யாகிறது.

இந்தியாவில் நடக்கும் ட்ரயலை, முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய ட்ரயல் பதிவேட்டில் பதிய வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் பின்னால் போய்ப் பதிய வழியில்லை. பதிந்தும் சிலர், எதை அளக்கப் போகிறோம் என்ற இடத்தில் 'வலி குறைதல்' என்று மொட்டையாக விடுகிறார்கள். எந்த அளவுகோல், எத்தனையாவது வாரம், எதோடு ஒப்பிட்டு என்று சொல்லாவிட்டால், முடிவு தெரிந்த பிறகு சாதகமான வாரத்தைப் பொறுக்கிக்கொள்ளக் கதவு திறந்தே இருக்கும்.

கடுமையான பாதக நிகழ்வை (மரணம், மருத்துவமனையில் சேர்ப்பது போன்றவை) 'மருந்தால் வந்ததா, தெரியட்டும்' என்று நிறுத்திவைக்காதீர்கள். புதிய மருந்துகள், கிளினிக்கல் ட்ரயல்களுக்கான 2019 விதிகளின்படி 24 மணி நேரத்துக்குள் தகவல் மத்திய உரிம அதிகாரி, ஸ்பான்சர் (ட்ரயலை நடத்தும் நிறுவனம்), நெறிமுறைக் குழு மூவருக்கும் போக வேண்டும். பங்கேற்பாளர் சாலை விபத்தில் இறந்தாலும் இதே கணக்குதான். காரணகாரிய ஆராய்ச்சி பிறகு, தனி அறிக்கையில்.