அப்பா என்று கூப்பிட்டுவிட்டு முதலாளியிடம் பேசுவதுபோல் பேசுகிறோம்

காலையில் ஜெபம் பண்ணாமல் கிளம்பிவிட்டோம், பாதி வழியில் வண்டி பஞ்சர். உடனே மனசு என்ன சொல்லும்? "அதான், இன்னைக்கு ஜெபம் பண்ணலையே." விசுவாசக் குடும்பத்தில் வளர்ந்த யாருக்கும் இது புதிதில்லை, எனக்கும் ரொம்ப நாள் இதே கணக்குதான். வாய் "பரம பிதாவே" என்கிறது, மனசிலோ வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மேனேஜர் உட்கார்ந்திருக்கிறார்.

நாம் செய்கிற பெரிய தவறு இதுதான்: பிள்ளைக்குரிய இடத்தில் கூலியாளாகப் போய் நிற்கிறோம். லூக்கா 15-ஐ, சொத்தைப் பிரித்து வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பிவந்த மகனைப் பற்றி இயேசு சொன்ன கதையை, மெதுவாக வாசித்துப் பாருங்கள். பன்றி மேய்த்த இளைய மகன், அப்பாவிடம் என்ன பேசுவது என்று முன்கூட்டியே தயார் பண்ணிக்கொள்கிறான்: பாவம் செய்தேன், உம்முடைய மகன் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். ஆனால் 21ஆம் வசனத்தில் நேரில் சொல்லும்போது அந்தக் கூலிக்காரன் பேச்சு வரவே இல்லை. அதற்குள் அப்பா வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று வேலைக்காரர்களை விரட்ட ஆரம்பித்துவிட்டார். சரி, இளையவனை விடுங்கள். வீட்டை விட்டு எங்கேயும் போகாத மூத்தவன் பேசுவதைக் கேளுங்கள், இத்தனை வருஷம் உமக்கு ஊழியம் செய்தேன், ஒரு ஆட்டுக்குட்டியாவது கொடுத்தீரா என்கிறான். அதுவும் சம்பளப் பாக்கி கேட்கிற பேச்சுதானே! சபை வேலை என்றால் முதல் ஆளாக ஓடுகிறவர்கள் (நானும் சேர்த்துத்தான்) மாட்டிக்கொள்வது இந்த மூத்தவனின் இடத்தில். அவனுக்கு அப்பா சொன்ன பதில், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையது என்பது.

அடுத்தது சிபாரிசு. நம் வீடுகளில் ஸ்கூல் டூருக்குக் காசு வேண்டுமென்றால்கூட "அம்மா, நீயே அப்பாகிட்ட சொல்லேன்" என்றுதான் விஷயம் போகும். அந்தப் பழக்கத்திலேயே "பாஸ்டர், நீங்க ஜெபம் பண்ணினாத்தான் கேட்பாரு" என்கிறோம். ஒருவருக்காக ஒருவர் ஜெபம் பண்ணச் சொல்லி யாக்கோபே தன் நிருபத்தில் எழுதியிருக்கிறார், அதில் தப்பில்லை. ஆனால் நீங்கள் வாயே திறப்பதில்லை என்றால் எப்படி?

குடித்துவிட்டு வந்து அடிக்கிற அப்பாவைப் பார்த்து வளர்ந்தவர் சபையில் நம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். அவரிடம் போய் "தேவன் நம்ம அப்பா மாதிரி" என்று ஆரம்பித்தால் அவருக்கு வயிறு கலங்கும். அப்படியெல்லாம் நினைக்கக்கூடாது என்று அதட்டுவது இன்னும் மோசம். தகப்பனும் தாயும் கைவிட்டாலும் கர்த்தர் சேர்த்துக்கொள்வார் என்று சங்கீதம் 27 சொல்கிறது, அப்பா கைவிடக்கூடும் என்பது வேதத்துக்கே தெரியும். ஏசாயா 66-இல் தாய் தேற்றுவதுபோல் தேற்றுவேன் என்று கர்த்தரே சொல்கிறார். அப்படி அடிபட்டு வளர்ந்தவருக்கு அம்மா மடியிலிருந்து ஆரம்பிப்பது சுலபமாக இருக்கலாம், இருக்கட்டுமே.

ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய், "கர்த்தர் அன்புகூருகிறவனைச் சிட்சிக்கிறார், என்னன்னு யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தேவன் தம் பிள்ளைகளைச் சிட்சித்துத் திருத்துகிறார் என்று எபிரெயர் 12 சொல்வது உண்மைதான். ஆனால் யாருக்கு எதற்காகச் சிட்சை என்று தீர்ப்புச் சொல்கிற வேலையை, நோயாளியைப் பார்க்கப்போனவருக்கு யாரும் கொடுக்கவில்லை. பிறவிக் குருடனைக் காட்டி இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, பெற்றோரும் இல்லை என்றுதான் இயேசு சொன்னார்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: அன்பான அப்பா என்றால் கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுவார், கொடுக்கவில்லையென்றால் நம் விசுவாசத்தில்தான் ஓட்டை. இங்கேதான் 'அப்பா' என்ற அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். அது இயேசு பேசிய அரமேய மொழிச் சொல், நம் தமிழ்ச் சொல்லோடு ஒத்துப்போனது நம் அதிர்ஷ்டம். மழலைப் பேச்சு என்று சிலர் பிரசங்கிப்பார்கள், ஆனால் வளர்ந்த மகன்களும் தகப்பனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான்கு சுவிசேஷங்களிலும் அது வருவது ஒரே இடத்தில், மாற்கு 14:36, கெத்செமனே தோட்டத்தில். சிலுவைப் பாடுகளுக்கு முந்தின ராத்திரி இயேசு, அப்பா, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை எடுத்துப்போடும் என்று கேட்டார். பாத்திரம், அதாவது அந்தப் பாடு, நீங்கவில்லை. கொஞ்சம் கழித்து மறுபடியும் போய், அதே வார்த்தைகளைச் சொல்லித் திரும்பவும் ஜெபம் பண்ணினார்.