சீரம் அயர்ன் நம்பரை மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க

உடம்புல இரும்புச் சத்து எப்படி இருக்குன்னு பாக்குற ரத்த டெஸ்டான அயர்ன் ப்ரொஃபைல் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாரும் முதல்ல தேடுறது சீரம் அயர்ன்ங்கிற ஒரே வரியத்தான். அது கம்மியா இருந்தா மாத்திரை, நார்மல்னா நிம்மதி, முடிஞ்சது கதை. ஆனா அந்த ரிப்போர்ட்லயே தனியா எடுத்துப் பாத்தா ரொம்ப நம்ப முடியாத நம்பர் அதுதான்.

ஏன்னு கேட்டா, பெரியவங்க உடம்புல மொத்தமா 3லேர்ந்து 4 கிராம் இரும்பு இருக்குன்னு வைங்க, அதுல பாதிக்கு மேல ஹீமோகுளோபின்லயே போயிடும், கொஞ்சம் ஈரல் மாதிரி இடங்கள்ல ஸ்டாக்கா இருக்கும், ரத்தத்துல டிரான்ஸ்ஃபெரின்ங்கிற புரதத்தைப் பிடிச்சுகிட்டு ஓடிட்டிருக்கிறது வெறும் 3, 4 மில்லிகிராம்தான். ஆனா புது சிவப்பணு செய்ய எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்கு 20, 25 மில்லிகிராம் கேக்குது. அப்போ அந்த துளி இரும்பு ஒரே நாள்ல பல தடவை வந்து வந்து போகுது. நீங்க ஊசி குத்தின அந்த நேரத்துல எவ்ளோ இருந்துச்சுன்னுதான் சீரம் அயர்ன் சொல்லும், அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாது.

அதனாலதான் நேரம் முக்கியம். பொதுவா காலைல கூடுதலா இருக்கும், சாயங்காலம் இறங்கும். அயர்ன் மாத்திரை போட்டுட்டு ரெண்டு மூணு மணி நேரத்துல ரத்தம் குடுத்தா நம்பர் ஜம்முனு ஏறிடும், உண்மையில உள்ள ஸ்டாக்கே இருக்காது! டெஸ்டுக்கு முந்தின நாள்லேர்ந்து மாத்திரையை நிறுத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. மல்டிவைட்டமின்லயும் அயர்ன் இருக்கும், அதை நிறைய பேர் கணக்குலயே எடுக்க மாட்டாங்க. மறுபடி டெஸ்ட் எடுத்து ஒப்பிடணும்னா அதே மாதிரி காலைல வெறும் வயித்துல எடுத்தாதான் அர்த்தம்.

அடுத்து டிஐபிசி, அதாவது ரத்தம் மொத்தமா எவ்ளோ இரும்பைப் பிடிச்சுக்க முடியும்ங்கிற அளவு. ரொம்ப பேர் குழம்புறது இங்கதான். அது 450 தாண்டி பக்கத்துல 'கூடுதல்'னு குறி போட்டிருந்தா, அய்யோ இரும்பு ஜாஸ்தி ஆயிடுச்சுன்னு மாத்திரையை நிறுத்திடுறாங்க. நேர் எதிரா பண்றாங்க. டிரான்ஸ்ஃபெரினை ரெண்டு சீட்டு வண்டின்னு நெனச்சுக்கோங்க, ஒரு வண்டில ரெண்டு இரும்பு அணு ஏறலாம், மொத்தம் எத்தனை சீட்டு இருக்குங்கிறதுதான் டிஐபிசி. உடம்புல இரும்பு குறைஞ்சா ஈரல் வண்டியை அதிகமா இறக்கும், அதனால டிஐபிசி ஏறும். கர்ப்பமா இருந்தாலும் கருத்தடை மாத்திரை எடுத்தாலும் ஏறலாம். ஈரல் நோய், கிட்னி வழியா புரதம் போறது, நாள்பட்ட அழற்சி (உள் வீக்கம்), இதுலெல்லாம் இறங்கும்.

சீரம் அயர்னை டிஐபிசியால வகுத்து 100ஆல பெருக்குனா வர்றது சாச்சுரேஷன். எத்தனை சதவீதம் சீட்டு நிரம்பியிருக்குன்னு அர்த்தம். சுமாரா 20லேர்ந்து 45 வரைக்கும் இருக்கணும், லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். இப்போ ரெண்டு பேருக்கும் சீரம் அயர்ன் 35னு வைங்க. ஒருத்தருக்கு டிஐபிசி 450, சாச்சுரேஷன் 8 சதவீதம்கூட வரல, ஸ்டாக்கைக் காட்டுற ஃபெரிட்டின் 6. இது அப்பட்டமான இரும்புக் குறைபாடு. இன்னொருத்தருக்கு டிஐபிசி 200, சாச்சுரேஷன் 17.5, ஃபெரிட்டின் 250. இவருக்கு ஸ்டாக் நிறைய இருக்கு, உடம்புல எங்கயோ வீக்கமோ தொற்றோ இருக்கிறதால ஈரல் ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோனை விட்டு இரும்பை வெளிய வரவிடாம பூட்டி வச்சிருக்க வாய்ப்பு அதிகம். இவர் மாத்திரையா முழுங்கினாலும் பெருசா பிரயோஜனம் இல்ல, குடல்லயும் அதே பூட்டுதான். ஒரே 35, ரெண்டு வேற நோய்!

ஃபெரிட்டினை கண்ணை மூடிட்டு நம்புறதும் தப்பு. ஸ்டாக்கைக் காட்டுறது அதுதான், சரி, 15க்கு கீழ போனா ஸ்டாக் காலின்னு தைரியமா சொல்லலாம். ஆனா காய்ச்சல், தொற்று, ஈரல் பிரச்சனை எது வந்தாலும் அது தானா ஏறிக்கும், அப்போ 60, 70 இருந்தாலும் உள்ள பற்றாக்குறை ஒளிஞ்சிருக்கலாம். அதனால கூடவே உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுற சிஆர்பி டெஸ்டும் பாக்கச் சொல்வாங்க, காய்ச்சல் அடிச்ச வாரத்துல போய் இந்த டெஸ்ட் எடுக்காம இருக்கிறது இன்னும் நல்லது.

ஹீமோகுளோபின் நார்மலா இருக்கே, அப்புறம் எதுக்கு இதெல்லாம்னு விடுறவங்களும் உண்டு. ஸ்டாக் காலியாகி, சாச்சுரேஷன் இறங்கி, கடைசியாத்தான் ஹீமோகுளோபின் விழும். அது வரைக்கும் சோர்வு, முடி கொட்டுறதுன்னு தனித்தனியா அலைவாங்க.

எதிர்ப்பக்கமும் இருக்கு. சாச்சுரேஷன் 45ஐத் தாண்டுனா 'நல்ல சத்து'ன்னு சந்தோஷப்படாதீங்க. வெறும் வயித்துல இன்னொரு தடவை எடுத்தும் அப்படியே இருந்தா உடம்புல இரும்பு சேர்ந்துகிட்டே போற ஹீமோகுரோமடோசிஸ்ங்கிற பரம்பரை நோயா, ஈரல் பிரச்சனையான்னு டாக்டர் பாக்கணும். அந்த நிலைமைல சத்து மாத்திரை போட்டா ஈரல்லயும் இதயத்துலயும் இரும்பு இன்னும் சேரும்.

குறைபாடுதான்னு உறுதியாயிட்டாலும் மாத்திரையோட நிறுத்திடக் கூடாது, இரும்பு எங்க போகுதுன்னு பாக்கணும். அதிகமான மாதவிடாய், வயித்துப் புண், குடல் இரும்பை உறிஞ்சாம போறது, எதுவா வேணா இருக்கலாம். முக்கியமா ஆம்பளைங்களுக்கும் மாதவிடாய் நின்ன பெண்களுக்கும் குறைபாடு வந்தா குடல்ல எங்கயாவது ரத்தம் கசியுதான்னு கண்டிப்பா பாக்கச் சொல்வாங்க, அதைத் தள்ளிப் போடாதீங்க.